அறிவுக்கரசின் நெற்றி

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை. விடை தேடுகிறவர்கள் அதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சீர்காழியில் அறிவுக்கரசு என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். வீட்டில் வைத்த பெயர் சதாசிவம். வாலிபத்தில் தானே மாற்றிக்கொண்டார். கடவுள் இல்லை என்பதைப் பேச்சோடு நிறுத்தாதவர். ஐயரும் தாலியும் இல்லாமல்தான் சொர்ணத்தை மணந்தார். ஆனால் சொர்ணம் கோயிலுக்குப் போக ஆசைப்பட்டபோது ஒருநாளும் தடுத்ததில்லை. கோபுர வாசல்வரை கூடவே போய், அவள் திரும்பும்வரை செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “சாமி காணாமப் போனா வேற செஞ்சுக்கலாம். செருப்பு போனா வெயில்ல நடக்க முடியாது” என்பார்.

மறதி நோய் என்று மருத்துவர் சொன்ன அன்று, மனைவியையும் மகன் எழிலனையும் மகள் கயல்விழியையும் அழைத்து உட்கார வைத்தார்.

“இது குணமாகிற நோய் இல்ல. மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். புத்தி போன பிறகு வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து யாரும் என் நெத்தியில திருநீறு பூசிடாதீங்க. பொய் சொல்லி என்னை எதையும் நம்ப வைக்காதீங்க. வாக்கு குடுங்க.”

மூவரும் கொடுத்தார்கள். எழிலன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தான்.

சில வருடங்களில் நோய் ஊர்ப் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் கொண்டுபோய்விட்டது. விளக்கு வைக்கும் நேரமானால் கலவரம் தொடங்கும். கதவை இழுத்து இழுத்து, “வீட்டுக்குப் போகணும், அம்மா தேடும்” என்று அழுவார். அந்த அம்மா எப்போதோ செத்துப்போனவள். தடுக்கப் போகும் எழிலன் அவருக்குத் தன்னை அடைத்து வைத்திருக்கும் யாரோ ஒருவன்.

ஒரு மாலை சொர்ணம் தன் நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டிருந்தாள். கதவருகே நின்றவர் அழுகையோடு வந்து அவள் முன்னால் தலையைக் குனிந்தார்.

“எனக்கு?”

சொர்ணம் ஒரு சிட்டிகை எடுத்தாள். பூசினாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். அழுகை நின்றது. அன்று அதன் பிறகு கதவுப் பக்கம் போகவே இல்லை.

எழிலன் ஈரத் துணியை எடுத்து வந்து துடைத்தான்.

“வாக்கு குடுத்தோம்மா.”

“வாய்விட்டுக் கேக்கிறாரேப்பா!”

“கேக்கிறது அப்பா இல்ல. நோய்.”

“அப்ப நான் சோறு ஊட்டுறது யாருக்கு? நோய்க்கா?”

மாலைக் கலவரம் தொடரவே, எழிலன் மருத்துவரிடம் போனான். “சின்ன வயசு ஞாபகம்தான் கடைசியில அழியும். அவருக்கு எது அமைதி தருதோ அதைக் குடுத்துப் பாருங்க. கலவரத்தை அடக்குற இந்த மாத்திரை வேற வழியே இல்லன்னாதான்” என்றார் அவர். எழிலன் மாத்திரையைத்தான் கொடுத்தான். கலவரம் அடங்கியது, ஆளும் அடங்கிப்போனார். கடைவாயில் எச்சில் வழியச் சாய்ந்து கிடந்தார். நெற்றி மட்டும் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த எழிலனுக்கு, தான் யாருக்குப் பிள்ளையாக இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தது. இங்கே மூச்சு விடுகிறவருக்கா, போய்விட்டவருக்கா?

செய்தி கேட்டு வந்த கயல்விழி மருத்துவரிடம் பேசி மாத்திரையை நிறுத்தினாள். முகத்துக்குப் போடும் பவுடரைக் கிண்ணத்தில் கொட்டினாள். “இந்தாங்கப்பா, திருநீறு” என்று பூசினாள். அதற்கும் அவர் அமைதியானார்.

“உன் வாக்கும் போகல அண்ணே, அம்மா மனசும் நோகல. பவுடர் பூசக் கூடாதுன்னு அப்பா சொல்லவே இல்லையே?” என்று சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

கேட்டதும் பூசினாள் மனைவி. சொன்ன சொல்லைக் காத்தான் மகன். இரண்டுக்கும் நடுவே வழி கண்டாள் மகள். மூவரில் அறிவுக்கரசுக்கு உண்மையாக நடந்துகொண்டவர் யார்?

விடை: சொர்ணம். அறிவுக்கரசு பயந்தது, தான் மறுக்க முடியாத நேரத்தில் தன் நெற்றியைத் தேடி வரும் கைக்கு. சொர்ணத்தின் கை தேடிப் போகவில்லை. அவர்தான் வந்து குனிந்தார். மனைவி விரும்பியதை மறுக்காதவருக்கு, அவர் விரும்பியதை மறுப்பது மரியாதை ஆகாது. கயல்விழி பொய் சொன்னாள். அதையும் அவர் வேண்டாம் என்றிருந்தார். எழிலன் சொல்லைக் காப்பாற்ற ஆளை முடக்கினான். எழிலனும் இந்த விடையை ஒப்புக்கொண்டுவிட்டான், இப்போது துடைப்பதில்லை. ஆனால் சில மாலைகளில் அறிவுக்கரசு அவனுடைய வெறும் நெற்றியை உற்றுப் பார்க்கிறார். “ஏன் தம்பி, நீங்க பூசிக்கிறதில்லையா? வீட்டுல யாராவது வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?” என்று அன்பாகக் கேட்கிறார்.