பரிசல் துறைக்கு வந்து சேர்ந்த கொள்ளுத்தாத்தா

நீலியாறு அந்த நகரத்தை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. இந்தக் கரையில் கோட்டை, அந்தக் கரையில் சந்தை. போய்வர இருந்தது ஒரே ஒரு பரிசல். அதை ஓட்டுகிறவள் அங்காயி. அவளுக்கு முன்னால் அவள் அப்பன் ஓட்டினான், அதற்கு முன்னால் அவனுடைய அப்பன். அதற்கும் முன்னால் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் வல்லபராயர் மகாராஜா கேட்டுவிட்டார். பொழுது போகாமல் மாடத்தில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இந்தத் துறையை முதலில் தொடங்கியது யார் என்று சந்தேகம் வந்துவிட்டது. ராஜாவின் சந்தேகம் என்றால் சும்மாவா? துறையின் வரலாற்றைக் கல்லில் வெட்டி நிறுத்த வேண்டும், தொடங்கியவரின் வம்சத்துக்கே துறை சொந்தம் என்று பறையடித்துச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே சபையில் எழுந்தார் பிரதானி வைத்தியப்பர். அவரிடம் குடை உண்டு, பல்லக்கு உண்டு, புகழ்பாட ஆளும் உண்டு. கல்லில் பெயர் மட்டும்தான் இல்லை. துறையைத் தொடங்கியது தம்முடைய கொள்ளுத்தாத்தா என்றார். சொல்லும்போதே கண் கலங்கினார். இல்லை என்று சொல்ல அந்தக் காலத்து ஆள் யாரும் உயிரோடு இல்லாததால் ராஜா நம்பிவிட்டார். கல்லில் வெட்டவேண்டியதை எழுதித் தரும் வேலை மறைக்காடனுக்கு வந்தது. மறைக்காடன் பெயருக்குத்தான் அவைப்புலவன். விரும்பிச் செய்யும் வேலை வம்பு இழுப்பது.

சேதி கேட்ட அங்காயி ஓடிவந்து அவன் முன்னால் நின்றாள். நாளை முதல் சொந்தத் துறையிலேயே கூலிக்குத் துடுப்புப் போடவேண்டும், பிரதானி நினைத்தால் அதுவும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உன் பாட்டன் பூட்டன் கதை ஏதாவது இருந்தால் சொல்லு, அங்காயி" என்றான் மறைக்காடன்.

"கதை சொல்ல எங்களுக்கு ஏது சாமி நேரம்? அக்கரையில ஒருத்தர் குரல் குடுத்தா ஓடணும். சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போவணும்னு எங்கப்பன் சொல்லும். அது ஒண்ணுதான் தெரியும்."

மறைக்காடனுக்கு அது போதுமாக இருந்தது. நேரே பிரதானியின் மாளிகைக்குப் போனான். ஆள் வைத்துப் பரிசல் ஓட்டினார் என்று எழுதினால் கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன பெருமை, அதை எந்தப் பணக்காரனும் செய்வானே என்று வருத்தப்பட்டான். அக்கரையில் யார் குரல் கொடுத்தாலும், உண்ணும்போது கூப்பிட்டாலும், அவரே எழுந்துபோய்த் துடுப்புப் போட்டார் என்று எழுதட்டுமா என்று கேட்டான். பிரதானி உருகிப்போனார்.

"தம் வம்சத்தாரும் அப்படியே செய்வார்கள் என்று அவர் சத்தியம் செய்ததாக..."

"எழுதும், புலவரே. அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே வெட்டச் சொல்லும்."

கல் நின்றது. கல்லில் உள்ளதெல்லாம் தம் ஆணை என்று ராஜா முத்திரையும் வைத்தார். மறைக்காடன் அக்கரைக்குப் போய், எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் சந்தையின் நடுவில் நின்று அதை உரக்க வாசித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

மறுநாள் காலை பிரதானி இலையில் உட்கார்ந்து நெய்யை ஊற்றச் சொன்னார். அக்கரையிலிருந்து குரல் வந்தது: "பிரதானியாரே, ஓ..." கருவாட்டு வியாபாரி. வேலையாளை அனுப்பினார். நீ அவர் வம்சமா என்று கேட்டுச் சந்தைக்காரர்கள் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வம்சம் இல்லை என்றால் சபையில் பொய் சொன்னதாகும். போகவில்லை என்றால் ராஜாவின் ஆணையை மீறியதாகும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார் மனிதர். பரிசல் பம்பரமாகச் சுற்றிவிட்டு, புறப்பட்ட கரைக்கே அவரைக் கொண்டுவந்து விட்டது. ஒருவழியாக அக்கரை சேர்ந்தால் கருவாட்டுக் கூடை அவர் மடியில் ஏறியது. அதை இறக்குவதற்குள் ஆட்டுக்காரன் கூப்பிட்டான். அப்புறம் ஒரு கல்யாணக் கோஷ்டி. அதன்பிறகு ஒரு கிழவி. மூச்சு வாங்க அவளிடம் போய்ச் சேர்ந்தால், "ஒண்ணுமில்லைங்க, கூப்பிட்டா வருவீங்களான்னு பார்த்தேன்" என்றாள்.

அங்காயி மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த நாள் பிரதானி சபைக்கு வந்தபோது கருவாட்டு வாடைக்கு இரண்டு மந்திரிகள் தள்ளி உட்கார்ந்தார்கள். விசாரித்ததில் தவறு நேர்ந்துவிட்டது, துறையைத் தொடங்கியது தம் கொள்ளுத்தாத்தா இல்லை என்றார் அவர்.

"பின்னே யார்?" என்றார் ராஜா.

"அங்காயியின் கொள்ளுத்தாத்தா. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன்."

"இப்படித்தான் அன்றைக்கும் சொன்னீர்கள். கண்கூடக் கலங்கியது."

பிரதானி கொப்புளம் போட்டிருந்த இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். "இதைப் பாருங்கள் மகாராஜா. இது பரிசல் வம்சத்துக் கையா? என் கொள்ளுத்தாத்தா குளிக்கவே ஆற்றில் இறங்கமாட்டார். வீட்டில் வெந்நீர்தான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்துவிட்டது. துறை அங்காயிக்கே என்று தீர்ப்புச் சொன்னார். கல்லில் இருக்கும் பெயரைச் செதுக்கி எடுக்கக் கல்தச்சனை அனுப்பினார். பிறகு மறைக்காடன் பக்கம் திரும்பி, என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

மறைக்காடன் கைகட்டி நின்றான். "பெரிதாக ஒன்றும் வேண்டாம் மகாராஜா. கல்தச்சன் அந்தப் பெயரை எடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகுமாம். அதுவரை துறை பிரதானியாருடையதுதானே? எனக்குச் சந்தையில் கொஞ்சம் கத்தரிக்காய் வாங்கவேண்டும்."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். "இரும் புலவரே, நானும் வருகிறேன்."