முதுகு காட்டியவர்கள்

தளபதி பெருஞ்சாத்தனுக்கு அன்று காலை இருப்புக் கொள்ளவில்லை. ஜெயிக்கப்போகிற போர்தான். இருந்தும், படையை அனுப்பிய கையோடு மேடேறிக் குருவின் குடிசைக்கு வந்துவிட்டான்.

குரு வயதில் அவனைவிடச் சின்னவர். அதற்காக அவன் மரியாதையில் குறை வைத்ததில்லை. சொன்ன பேச்சைக் கேட்டானா என்பது வேறு விஷயம்.

அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உட்காருங்கள், தளபதி.”

“உட்கார நேரமில்லை, குருவே. ஆசி வாங்க வந்தேன். கோரைக்காட்டு ஜனங்களை நேற்று ஓட ஓட விரட்டினோம். இன்று காட்டுக்குள் புகுந்து கதையை முடித்துவிடுவோம். முன்னால் போகிற குதிரைப்படைக்கு என் மகன்தான் தலைவன்.”

“நல்லது. பிறகு ஏன் இந்த நடை?”

தான் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பது அப்போதுதான் பெருஞ்சாத்தனுக்கே தெரிந்தது.

“ஒற்றன் ஒன்று சொன்னான். ஓடிப்போனவர்களுக்கு அவர்கள் ஊரில் விருந்தாம். பெற்ற அம்மாக்களே மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்களாம். பாட்டு வேறு! வெட்கங்கெட்ட கூட்டம். இவர்களோடு சண்டை போடுவதே எனக்குக் கேவலம்.”

“உங்கள் வீரன் ஒருவன் முதுகில் காயத்தோடு வீட்டுக்குப் போனால்?”

“பெற்றவள் அவன் முகத்தில் விழிக்கமாட்டாள். சோறு எங்கே போடுவாள்?”

“சரி. போன காரியத்தை நல்லபடியாக முடித்துவிட்டுப் போனால்?”

“விருந்துதான். அதிலென்ன…”

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். குரு இன்னொரு தண்டை ஒடித்துக் கீரையைக் கிள்ளிப் போட்டார்.

பெருஞ்சாத்தன் மேட்டின் விளிம்புக்கு ஓடினான். கீழே ஆளுயரத்துக்குக் கோரை நின்றது. அதற்கடியில் சேறு. சேற்றை அவன் அறியாதவனல்ல. ஓடுகிறவர்களின் தடத்திலேயே போனால் போதும் என்று மகனிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். இப்போது அந்தக் கோரைக்காட்டார் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வெறுங்கால்கள் போகிற இடத்துக்கு இவன் மகனின் குதிரைகள் பாய்ந்துகொண்டிருந்தன. வெறுங்காலைத் தாங்குகிற சேறு குதிரையைத் தாங்காது. கோரையை எட்ட இன்னும் கொஞ்ச தூரம்தான்.

இடுப்பிலிருந்த ஊதுகொம்பை எடுத்து உதடுவரை கொண்டுபோனான். பெற்ற மனம் பதறியது. ஆனாலும் ஊதவில்லை.

“ஊதுங்கள்” என்றார் குரு. “கேட்கிற தூரம்தான்.”

“ஊதினால் படை திரும்ப வேண்டுமே, குருவே! அந்தக் கூட்டம் பார்த்துச் சிரிக்க, என் மகன் முதுகைக் காட்டிக்கொண்டு வருவதா? ஊர் என்ன பேசும்? அதற்கு நான் எப்படி ஊதுவேன்?”

“ஊதமாட்டீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், தளபதி. அந்தத் தைரியத்தில்தான் ஓடுகிறார்கள்.”