பண்ணையார் வீட்டு எருமை மருமகள்கள்

முறுக்குக் கொம்பு முர்ரா சாதி எருமைக் கடா ஒன்றை வைத்துக்கொண்டு, பண்ணையார் கனகசபாபதி பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் எந்த எருமை ஈன்றாலும், "எல்லாம் என் பிள்ளையோட கைங்கரியம்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, சீம்பாலைக் கறந்து வாங்கிப் போய்விடுவார்.

பவளக்கொடியின் எருமை அழகான கிடேரிக் கன்று போட்டதும் அவருக்குச் சீம்பால் போதவில்லை.

"அப்பன் என் கடா. அதனால கன்னு அப்பன் வீட்டுக்குத்தான். சாயங்காலம் ஓட்டிட்டு வந்துடு!"

அவள் பிழைப்பே அந்தக் கன்றை நம்பித்தான் இருந்தது. ஆனாலும், "ஆகட்டுங்க சாமி" என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் கன்றோடு தாய் எருமையும் மாலையும் பொட்டுமாகப் பண்ணையார் வாசலுக்கு வந்தது. பின்னாலேயே ஊர் எருமைகள் அத்தனையும் கன்றுகளோடு வந்து கோலத்தில் சாணி போட்டன.

"சம்பந்தி! உங்க மருமகளுங்க பிள்ளையோட வந்திருக்காளுங்க, ஆரத்தி எடுங்க!" என்று கூவினாள் பவளக்கொடி. "என் பொண்ணுக்கு மடிநோய், வைத்தியம் பாருங்க. அதோ, அவளுக்குக் கோமாரி. வாயெல்லாம் புண்ணு, கஞ்சிதான் இறங்கும். இனிமே புகுந்த வீட்டுப் பாடு!"

ஒரு மருமகள் வலது கொம்பை முன்னால் நீட்டி நடைக்குள் நுழைந்தாள். பண்ணையார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு அலறினார்.

"ஐயோ, எவளும் என் மருமக இல்ல! என் கடா மலடு! டாக்டரே சொல்லிட்டாரு! இதெல்லாம் மேய்ச்சல்ல திரியற நாட்டுக் கடா வேலை!"

பவளக்கொடி கன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா எவன் பெத்த பிள்ளைக்குய்யா எங்க வீட்டுச் சீம்பாலைக் குடிச்சீங்க?"