மூடியைத் திறக்காத முள்ளம்பன்றி

குளத்தங்கரை முட்புதருக்கு அடியில் பேச்சி என்ற கௌதாரி ஏழு முட்டைகளை அடைகாத்து வந்தாள். இன்னும் இரண்டே நாளில் குஞ்சுகள் வந்துவிடும். அந்தக் கரைக் கௌதாரிகளுக்கு ஒரு வழக்கம், குஞ்சு பிறக்கும் முன்பே அதற்குத் தீனி சேர்ப்பது. பேச்சியும் சாமைக் கதிர்களை இழுத்து வந்து புதருக்குள் குவித்து வைத்திருந்தாள்.

ஒரு காலையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே 'புஸ்ஸ்' என்று பெரிய சீறல். கதிர்க் குவியலுக்கும் முட்டைகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது.

பேச்சி அலறினாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர யாரும் அழைப்பு வைக்க வேண்டியதில்லை. சிங்காரம் என்ற குரங்கு பெரிய கல்லோடு வந்து சேர்ந்தான்.

"தள்ளுங்க எல்லாரும். ஒரே போடு!"

"என் முட்டை மேல விழுமே, அண்ணே."

"ஏழுல ரெண்டு போனா என்ன குறைஞ்சிரும்?"

பேச்சிக்கு வந்த கோபத்தில் விரியன் மீதிருந்த பயமே பாதி போய்விட்டது. "குளிர்ந்துபோனா ஏழும் போயிரும். யாராவது மாடத்தி அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மாடத்தி மலையடிவாரத்து முள்ளம்பன்றி. எத்தனையோ வீடுகளிலிருந்து பாம்புகளை வெளியேற்றியவள். அவள் கை வைத்த இடத்தில் யாரும் கடிபட்டதில்லை, ஒரு பாம்பும் செத்ததில்லை.

அவள் ஓர் உளுத்த பனந்துண்டை உருட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே கூடு போலக் குடைந்திருந்தது. ஒரு முனை மண்ணால் அடைத்திருந்தது.

"எல்லாரும் பத்தடி பின்னால போங்க. சிங்காரம், கல்லைக் கீழ போடு. கொக்கண்ணே, அது தலை எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருங்க. கண்ணை எடுக்காதீங்க."

புதரை ஒட்டிய மரத்தின் மேலிருந்து கொக்கு சொல்லச் சொல்ல, பனந்துண்டின் திறந்த வாயை விரியனின் தலைக்கு நேரே வைத்தாள். பிறகு நீளக் குச்சி ஒன்றால் தள்ளி நின்று வாலை மெல்லத் தொட்டாள்.

"கிட்ட வந்தா கடிச்சிருவேன்" என்றது விரியன்.

"தெரியும். அதனாலதான் எட்ட நிக்கிறேன். முன்னால இருட்டா ஒரு இடம் இருக்கு. போய் இரு."

"நான் எலிக்கு வந்தேன். இந்தக் கூட்டத்தைப் பார்த்தா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

விரியன் நிதானமாக உள்ளே போனது. மாடத்தி புல்லைத் திரித்து மூடியாக அடைத்தாள். பேச்சி ஓடிப்போய் முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். இன்னும் சூடு இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு மட்டும் திருப்தி இல்லை. "வாலைப் பிடிச்சுத் தூக்கி ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டார்கள்.

"அடைச்சது அடைச்சதுதான்" என்று சொல்லிவிட்டு, மாடத்தி கதிர்க் குவியலைப் பார்க்கக் குனிந்தாள்.

"நான் காட்டுறேன் பாருங்க" என்று சிங்காரம் மூடியைப் பிடுங்கினான்.

விரியன் பாய்ந்தது. சிங்காரத்தின் வால் மயிர் ஒரு கொத்து அதன் வாயோடு போனது. அவன் மர உச்சிக்குப் போய்விட்டான். கூட்டமும் சிதறி ஓடியது. விரியனோ இப்போது பேச்சிக்கு ஒரு முழத் தூரத்தில் தலையைத் தூக்கி நின்றது.

"பேச்சி, அசையாதே" என்றாள் மாடத்தி.

பேச்சி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். மாடத்தி அவசரப்படவில்லை. முட்களைச் சிலிர்த்தபடி பின்பக்கமாகவே நகர்ந்து, விரியனுக்கும் கூட்டுக்கும் இடையில் போய் நின்றாள். விரியன் ஒரு முள்ளைக் கொத்திப் பார்த்தது. பிறகு திரும்பி, பழைய இருட்டுக்குள்ளேயே நுழைந்தது.

இம்முறை அடைத்த மூடி மேல் மாடத்தி உட்கார்ந்துகொண்டாள்.

"இதைக் கரை கோடியில இருக்கிற பாறை இடுக்குல விட்டுருவேன். ரொம்பத் தூரம் கொண்டுபோனா இடம் தெரியாம அலைஞ்சு செத்துரும். நீ அந்தச் சாமையை வீட்டைவிட்டு எடு, பேச்சி. சாமைக்கு எலி வரும், எலிக்கு விரியன் வரும்."

பேச்சி அன்றே ஒரு கதிர்கூட விடாமல் வெளியேற்றினாள். மூன்றாம் நாள் ஏழு குஞ்சுகளும் அவள் பின்னால் வரிசையாக நடந்தன. மொட்டை வாலோடு மரத்தில் இருந்த சிங்காரத்தைப் பார்த்து, "அந்த மாமா வால் ஏன் அப்படி இருக்கு?" என்று கடைசிக் குஞ்சு கேட்டது. சிங்காரம் வாலை மடியில் மறைத்துக்கொண்டான்.

ஆபத்தான வேலையைப் பத்திரமாக முடிப்பதுதான் திறமை. முடிந்த வேலையைக் கைதட்டலுக்காகத் திறந்து காட்டுகிறவன் தன் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான்.