புது டிஸ்க்குக்கு ரஜ்ஜு பார்த்த கதை

முட்டாள்கள் எல்லாம் ஒரே ஊரில் கூட்டமாக வாழ்ந்தார்கள் என்று சொல்வது அந்தக் காலம். இப்போது அவர்கள் பரவலாக இருக்கிறார்கள். ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், மூன்று பேர் ஒரே அறையில் சிக்கினார்கள். அறையின் வாசலில் 'மாலைமாற்று திருமணத் தகவல் நிலையம்' என்று பலகை தொங்கியது.

முதலாளி கனகசபாபதி. பொருத்தம் பார்ப்பவர் வசந்தாமணி அக்கா. மூன்றாவது ஆள், நம்ம தெய்வசிகாமணி. ஊருக்கெல்லாம் ஜாதகம் அடித்துக் கொடுத்துக்கொண்டே முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணமாகாதவர். பாவம், அவருக்கும் இப்போதுதான் ஒரு நல்ல காலம் பிறந்திருந்தது. பழனியிலிருந்து பூங்கோதை என்று ஒரு வரன். ஒன்பது பொருத்தம். "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சம்மதம்னு ஒரு போன் போடுங்க, இல்லேன்னா வேற இடம் பார்த்துக்குறோம்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் போன் நம்பர் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கோ, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நிரம்பி வழிந்தது. ஜெரால்டு என்ற மெக்கானிக் புதன்கிழமை காலையில் வந்து புது டிஸ்க்கை மாட்டினான். எல்லா வரன்களும் இருந்த டைரக்டரியைப் பழசிலிருந்து புதுசுக்கு நகல் எடுக்கவிட்டான்.

"முடியுற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுங்க. முடிஞ்சதும் பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாருங்க. சரியா இருந்தா மட்டும் பழசை அழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் படியிறங்குவதற்குள் ஓர் ஈ வந்து கீபோர்டில் உட்கார்ந்தது.

"தொட்டுருச்சு" என்றார் முதலாளி.

"ஈதானுங்களே."

"யாரும்னு சொல்லிட்டுப் போனான் சிகாமணி. ஈயைத் தவிரன்னு சொன்னானா?"

ஈயைத் துரத்தலாமென்றால் கை கீபோர்டில் பட்டுவிடும். ஆகவே மூன்று பேரும் சுற்றி நின்று, ஈ தானாகப் போகும்வரை வாயால் ஊதினார்கள். வசந்தாமணி அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது. ஈ போன இரண்டாம் நிமிஷம் நகல் எடுத்து முடிந்தது. தங்கள் ஊதலால்தான் முடிந்தது என்று மூவரும் இன்றுவரை நம்புகிறார்கள்.

அடுத்தது ஒப்பிடுவது. இரண்டு ஜாதகத்தை ஒப்பிட அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். அக்கா பழைய டிஸ்க்கிலிருந்த சிகாமணியின் ஜாதகத்தை ஒரு பக்கமும், புது டிஸ்க்கிலிருந்த அவருடைய நகலை மறுபக்கமும் வைத்து, 'பொருத்தம் பார்' என்ற பட்டனை அமுக்கினார்.

ஒருவர் ஆண், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

"நியாயந்தானே" என்றார் முதலாளி. "புதுசைப் பொண்ணுன்னு போடு."

போட்டார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்த கம்ப்யூட்டர், ரஜ்ஜு தட்டுகிறது என்றது. ஒரே நட்சத்திரம் என்றால் ரஜ்ஜு தட்டாமல் என்ன செய்யும்? ரஜ்ஜு தட்டினால் தாலி பாக்கியமே இல்லை என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"பழசும் புதுசும் சேரவே சேராது முதலாளி. சேர்த்தா ஏதாவது ஒரு டிஸ்க்கு போயிரும்."

"ஜெரால்டுகிட்டக் கேட்டுரலாங்களா?" என்றார் சிகாமணி.

"அவனுக்கு ஜாதகத்தப் பத்தி என்ன தெரியும்? நட்சத்திரத்தைக் கொஞ்சம் நகர்த்து" என்றார் முதலாளி.

நட்சத்திரத்தை நகர்த்துவது அந்த நிலையத்துக்கு ஒன்றும் புதுசில்லை. நாற்பது வயதை முப்பத்திரண்டாக்கிய கைகள் அவை. செவ்வாய் தோஷத்தை ஒரே தட்டில் கழுவி அனுப்பிய கைகள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரன்கள். ஒவ்வொரு நகலிலும் ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்கி, பத்துப் பொருத்தமும் வரும்வரை நட்சத்திரத்தை நகர்த்தினார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு தேங்காய் உடைத்து, பழசை அழித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் சிகாமணி குளித்து, திருநீறு பூசி, புதுச் சட்டையில் வந்து பூங்கோதையின் நம்பரைத் தேடினார். பெண்கள் வரிசையில் அவள் இல்லை. ஆண்கள் வரிசையில் இருந்தாள்.

"அதே பேரு, அதே பழனி, அதே அப்பா. ஆனா ஆணுன்னு போட்டிருக்கே" என்றார் சிகாமணி. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணன்காரனா இருக்கும்" என்றார் முதலாளி. "ரெண்டு பிள்ளைக்கும் ஒரே பேரு வெச்சிருக்காங்க. சிக்கனமான குடும்பம்."

"இந்த நம்பர்ல கூப்பிட்டுப் பார்க்கட்டுங்களா?"

"அண்ணன்காரன்கிட்ட நேரா போய் உன் தங்கச்சியக் குடுன்னு கேப்பியா? மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா?"

மத்தியானம் பன்னிரண்டு அடித்தது. அதோடு பழனி போயிற்று. சிகாமணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கச் சகிக்காமல் முதலாளி சொன்னார்: "விடு. உன் ஜாதகந்தான் உனக்கு மனப்பாடமாச்சே. ஆண்கள் பக்கம் புதுசா அடிச்சுப் போடு. வேற பொண்ணா இல்லை?"

அடித்தார். தேடச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒரு வரனைத் தூக்கி முதலில் வைத்தது. பத்துக்குப் பத்துப் பொருத்தம். இருக்காதா பின்னே? இவருக்குப் பொருந்தட்டும் என்றுதானே அந்த நகலை உட்கார்ந்து திருத்தினார்கள்.

"பேருகூட தெய்வசிகாமணியாமே" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வயசும் ஒண்ணு, வேலையும் நம்ம தொழிலு."

சிகாமணி போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "எங்கயோ பார்த்த முகமா இருக்குங்க."

"பூர்வ ஜென்ம பந்தம்டா" என்றார் முதலாளி.

"லேசா மீசை இருக்குங்களே."

"உன் வயசுக்கு இதெல்லாம் பார்த்தா ஆகுமா?"

அதுவும் வாஸ்தவம்தான் என்று அவருக்குப் பட்டது. முதல் வார்த்தையைத் தானே பேச வேண்டும் என்று ஆசைப்பட்டு, தன் செல்போனை எடுத்து, ஜாதகத்திலிருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். தன் நம்பருக்குத் தானே யார் கூப்பிடுகிறார்கள்? அவருக்கு அந்த நம்பர் பரிச்சயமில்லை. லைன் பிசி என்றது. பத்து நிமிஷம் கழித்துப் போட்டார். பிசி. டீ குடித்துவிட்டுப் போட்டார். பிசி. நாலு மணிக்கும் பிசி, ஐந்து மணிக்கும் பிசி.

ஆறு மணிக்கு அவர் போனை மேஜைமேல் வைத்தார்.

"வேண்டாங்க முதலாளி. பொழுதன்னிக்கும் யாருகூடவோ பேசிக்கிட்டே இருக்குதுங்க. நான் எப்பெப்போ கூப்பிடுறனோ, கரெக்டா அப்பெல்லாம் பேச்சு. இது குடும்பத்துக்கு ஆகாதுங்க."

முதலாளிக்கும் கோபம் வந்துவிட்டது. நிலையத்தின் பெயர் கெடக் கூடாதல்லவா? அவர் சொல்லச் சொல்ல, வசந்தாமணி அக்கா 'தெய்வசிகாமணி, வயது 39' என்பதன் கீழே சிவப்பு எழுத்தில் அடித்தார்: 'நடத்தை சரியில்லை. இந்த வரனை இனி யாருக்கும் காட்ட வேண்டாம்.'

தெய்வசிகாமணி பக்கத்திலேயே நின்று எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தார்.