முரசும் முதல் கவளமும்

கரட்டுக்கோட்டையை ஆண்ட மகிமாலை ராயருக்கு இரண்டு விஷயங்களில் ஆசை அதிகம். ஒன்று, சாப்பாடு. இன்னொன்று, அதை முறை தவறாமல் சாப்பிடுவது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே தூரத்தில் இருந்த கரட்டுக் குன்றின் உச்சியில் நடுப்பகலில் முரசு ஒரு முறை முழங்கும். அது காதில் விழுந்த பிறகுதான் அரசர் முதல் கவளத்தை வாயில் வைக்க வேண்டும். முந்திக்கொண்டால் நாட்டுக்குப் பஞ்சம் வரும் என்று முன்னோர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

கீழ்க்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரை எந்தச் சிக்கலும் இல்லை; முரசு காதுக்குக் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த ஆண்டு ராயர் காற்றோட்டமாக ஒரு புது மேல்மாடம் கட்டினார். இலையை அங்கே போடச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் கரடு, முரசு, முரசறையும் மாசிலான் ஓங்கிய கோல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

முதல் நாள். கோல் முரசின் மேல் விழுந்ததை ராயர் பார்த்தார். கவளத்தை வாயில் போட்டார். அதன் பிறகுதான் 'தொம்' என்று ஓசை வந்தது.

வாய் நிறையச் சோறு. விழுங்கினால் பஞ்சம், துப்பினால் அவமானம். ராயர் கண்ணை உருட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் நின்ற தளவாய் திருமேனிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. முரசறையும் வேலைக்கு வீடும் வயலும் உண்டு. அதில் தன் மைத்துனனை உட்கார வைக்க அவர் நெடுநாளாகக் காத்திருந்தார். மாசிலான் சோம்பேறி என்றார். காற்றில் சும்மா கோலை வீசுகிறான், பின்னால் ஒளிந்திருக்கும் எவனோ தாமதமாக அடிக்கிறான், அரசரை முறை தவற வைக்கும் சதி இது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மாசிலானை அழைத்து வந்தார்கள். அடித்த உடனே ஓசை வருவதைத்தான் தான் இத்தனை காலமும் கேட்டு வந்ததாக அவன் கைகூப்பிச் சொன்னான். ராயர் நம்பவில்லை.

"என் கண்ணாலேயே பார்த்தேன். நாளை உன் கோல் முரசில் படும்போதே ஓசையும் எனக்குக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டு எல்லையைத் தாண்டிவிடு."

அப்போது அவைப்புலவர் பொன்னம்பி எழுந்தார். அரசரையே கிண்டல் செய்துவிட்டுப் பரிசும் வாங்கிக்கொண்டு போகிற ஆள் அவர்.

"அரசே, நாளை ஒரே ஒரு அடிதான் அடிக்க வேண்டுமா?"

"எத்தனை வேண்டுமானாலும் அடிக்கட்டும். கோலும் ஓசையும் சேர்ந்து வர வேண்டும், அவ்வளவுதான்."

"வரும்" என்றார் பொன்னம்பி.

அன்று மாலை மாசிலானைக் கரட்டில் நின்று முரசை விட்டு விட்டு அடிக்கச் சொன்னார் பொன்னம்பி. மேல்மாடத்தில் ஒரு செம்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதை ஆட்டிவிட்டு, கரட்டையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கொஞ்சம் நீட்டினார். கொஞ்சம் குறைத்தார். புலவருக்குக் கிணற்று வேலை கிடைத்துவிட்டது என்று தளவாயின் ஆட்கள் சிரித்தார்கள். கடைசியில் கயிறும் செம்புமாகக் கரட்டின் மேல் ஏறிப்போனார்.

மறுநாள் நடுப்பகல். இலை போட்டாயிற்று. மாசிலான் கோலை ஓங்கி அடித்தான். ஓசை வரவில்லை. தளவாய் மீசையைத் தடவினார்.

மாசிலான் மறுபடி அடித்தான். கோல் முரசில் பட்டது; 'தொம்'. மறுபடி அடித்தான், 'தொம்'. ஒவ்வொரு அடிக்கும் கோலும் ஓசையும் ஒட்டிப் பிறந்தவை போலச் சேர்ந்தே வந்தன. ராயர் முகம் மலர்ந்தது. கவளத்தை உருட்டி வாயருகே கொண்டு போனார். மாசிலான் கடைசியாக ஓர் அடி அடித்துக் கோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டான்.

'தொம்' என்றது முரசு.

ராயரின் கை பாதியில் நின்றது. "கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். இப்போது அடித்தது யார்?"

"நான் சொன்ன ஒளிந்திருக்கும் ஆள்தான், அரசே" என்றார் தளவாய்.

"அப்படியானால் தளவாய் அவர்களே போய்ப் பிடித்து வரட்டும். அங்கே இருக்கிற எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டு, தம் கையாலேயே ஓர் அடி அடித்தும் காட்டட்டும்" என்றார் பொன்னம்பி.

தளவாய் வீரர்களோடு ஏறினார். புதர் புதராகத் தேடினார். ஓர் ஓணான்தான் கிடைத்தது. எல்லோரையும் இறக்கிவிட்டுத் தனியாக நின்று, பற்களைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஓர் அடி அடித்தார். மேல்மாடத்தில் ராயர் பார்த்தார். கோல் விழுந்தது. ஓசை நிதானமாக, பிறகுதான் வந்து சேர்ந்தது.

தளவாய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"உமக்குப் பின்னால் ஒளிந்திருந்தது யார், திருமேனி?" என்றார் ராயர்.

"யாருமில்லை, அரசே. அடித்த உடனே ஓசை வந்ததே. என் காதாலேயே கேட்டேன்."

"மாசிலானும் நேற்று இதையேதான் சொன்னான்."

தளவாய் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னம்பி விளக்கினார். கரட்டில் நடப்பது கண்ணுக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. ஓசையோ இவ்வளவு தூரம் காற்றில் வந்து சேர வேண்டியிருக்கிறது. அதற்கு ஆகும் நேரமும் செம்பு ஒரு முறை போய்த் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்கும்படி கயிற்றை அளந்தார். செம்பு திரும்பும்போதெல்லாம் அடிக்கும்படி மாசிலானிடம் சொன்னார். அதனால் ஒவ்வொரு அடியோடும் சேர்ந்து கேட்டது அதற்கு முந்தைய அடியின் ஓசை. கடைசி அடிக்குத் துணையில்லை. அதன் ஓசை தனியாக வந்தது.

மாசிலானின் வேலை மாசிலானுக்கே என்று ராயர் அறிவித்தார். பொன்னம்பிக்கு முத்து மாலை போட்டார். ஆனாலும் ராயர் முகத்தில் இன்னும் ஒரு கவலை இருந்தது.

"எல்லாம் சரி, புலவரே. பார்த்ததும் சாப்பிடுவதா, கேட்டதும் சாப்பிடுவதா?"

"பார்த்ததும் சோற்றைப் பிசையுங்கள், கேட்டதும் சாப்பிடுங்கள்."

"நடுவில் இருக்கிற நேரத்தில்?"

"அதில்தான் அரசே, நெய் ஊற்ற வேண்டும்."

ராயர் சிரித்த சிரிப்பு கரடு வரை கேட்டதாம். கொஞ்சம் தாமதமாகத்தான்.