மருதடியில் அசைந்த வால்

ஒரு காட்டில், கொன்றை பூத்துச் சொரியும் முதுவேனிற் காலத்தில், வெயில் ஏறி மர நிழல்கள் குறுகத் தொடங்கிய முற்பகல் வேளையில் நடந்தது இது.

அந்தக் காட்டில் நான்கு கோடைகளுக்கு ஒரு முறை பெருவிளையாட்டு நடைபெறும். மேலைக்காட்டு விலங்குகளும் கீழைக்காட்டு விலங்குகளும் வற்றிய ஆற்றின் மணற்பரப்பில் வந்து கூடும். மான்கள் ஓடும், காட்டுப்பன்றிகள் மரத்துண்டுகளை முட்டி உருட்டும், ஏரியில் நீந்துவோர் நீந்துவர். வென்றவருக்குக் கொன்றைப்பூ மாலை. இரண்டாவதாக வந்தவருக்கு வேப்பம்பூ மாலை.

குழந்தைகளே, அங்கே விளையாடியவர் சிலரே. மற்ற அனைவரும் ரசிகர்கள். விளையாடியவர்கள் போட்டி முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்து உறங்கினார்கள். ரசிகர்களுக்குத்தான் ஓய்வு ஒழிச்சல் இல்லை. முடிந்துபோன போட்டியை அவர்கள் மறுநாள் வரை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரசிகர்களில் முதல் வரிசையில் வைக்கத் தக்கது மேலைக்காட்டு உடும்பு. கல்லைப் பற்றினாலும் சரி, கருத்தைப் பற்றினாலும் சரி, பற்றியதை அது விடாது. ஒரு போட்டியைப் பற்றி அது ஒன்றைச் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் தலையாட்டும்வரை எழுந்து போக முடியாது.

ஆனால் அன்று உடும்பு வாதாட வரவில்லை. அதன் மகள் செவ்வல்லி அன்று வழுக்குப்பாறையில் ஏறவிருந்தது.

பெருவிளையாட்டிலேயே கடினமான போட்டி அதுதான். பாறையின் பாதி உயரத்தில் மூக்கைப்போல ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேலே இடப்பக்கம் ஒரு வெடிப்பும் வலப்பக்கம் ஒரு வெடிப்பும் உண்டு. ஏறுபவர் மூக்குக்கல்லை நெருங்கும்போது, நடுவரான இருவாட்சிப் பறவை, தன் கூட்டின் வாயைப் பூசி அடைப்பது போலவே, இரண்டில் ஒரு வெடிப்பைக் களிமண்ணால் அடைத்துவிடும். கல்லோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு ஏறுபவருக்கு அது தெரியாது. எதிரே நிற்கும் மருத மரத்தடியில் இருப்பவருக்கே தெரியும்.

ஆகையால் ஏறுபவரின் உறவினர் ஒருவர் மருதடியில் அமர்ந்து, வழி திறந்திருக்கும் பக்கமாக வாலை நீட்டிக் காட்டலாம். வால் மட்டுமே பேசலாம். உறவினர் வாய் திறந்து ஒரு சொல் சொன்னாலும், ஏறியவர் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்.

உடும்புக் குலத்துக்கு அதுவரை ஒரு கொன்றை மாலையும் கிட்டியதில்லை. அந்தக் கோடையில் கிட்டும் என்று மேலைக்காடே நம்பியது.

"அப்பா, மரத்தடியை விட்டு எழுந்திருக்க மாட்டீர்களே?" என்று கேட்டது செவ்வல்லி.

"எழுந்திருப்பதா? நான் உடும்பு, மகளே!"

"பேசவும் கூடாது."

"விதி எனக்குத் தெரியாதா? சென்ற பெருவிளையாட்டில் இதே விதியைப் பற்றித்தான் அந்த முள்ளம்பன்றியோடு நான்..."

"அப்பா!"

"பேசமாட்டேன்" என்றது உடும்பு.

மகள் பாறையடிக்குச் சென்றது. உடும்பு மருதடியில் நல்ல இடமாகப் பார்த்து அமர்ந்தது. பாறைக்கு அருகில் நிழல் தரும் மரம் அது ஒன்றே. உடும்பின் அருகில் கீழைக்காட்டுக் கீரி உட்கார்ந்திருந்தது. எவர் எதைச் சொன்னாலும் எதிர்த்துச் சொல்வது கீரியின் வழக்கம். வேர்களின் மேல் ஏழு தவிட்டுக்குருவிகள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தன. கடைசியாகக் காதில் விழுந்ததை உரக்கச் சொல்வது அவற்றின் வழக்கம்.

மணற்பரப்பில் கௌதாரிகளின் ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் கீழைக்காட்டு மலை அணில் பாறையில் ஏற வேண்டும். அதன் பிறகு செவ்வல்லியின் முறை.

அப்போது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மரநாய் வந்து சேர்ந்தது. இரவெல்லாம் பழம் தேடி அலைவதும் பகலெல்லாம் உறங்குவதும் அதன் பிழைப்பு. உறங்க நிழல் வேண்டும். மருதடியிலோ ஒரு வால் நீட்ட இடமில்லை.

மரநாய் இடம் கேட்கவில்லை. விளையாட்டு நாளில் நிழலை எவரும் விட்டுத்தரமாட்டார் என்பது அதற்குத் தெரியும். ஆகவே அது ஒரு கேள்வி கேட்டது.

"பெரியோர்களே, ஓர் ஐயம். நேற்றைய நீச்சலில் உண்மையில் வென்றது நீர்நாயா, நீர்க்காகமா?"

"நீர்நாய்தான். கொக்கு நடுவர் சொல்லிவிட்டாரே" என்றது ஒரு தவிட்டுக்குருவி.

"சொல்லிவிட்டாரே!" என்றன மற்ற ஆறும்.

"கொக்கு நடுவருக்கு ஒற்றைக்காலில் நிற்கத் தெரியும், பார்க்கத் தெரியுமா?" என்றது கீரி. "நீர்க்காகத்தின் அலகுதான் முடிவுக்கட்டையை முதலில் தொட்டது."

"அலகுதான், அலகுதான்!" என்றன குருவிகள்.

உடும்பு வாயை இறுக மூடிக்கொண்டு பாறையைப் பார்த்தது. மகள் ஏறும்போதுதானே பேசக்கூடாது, இப்போது ஓடுவது கௌதாரிதானே என்று அதற்குத் தோன்றியது.

"கீரியாரே, நேற்று நீர் எங்கே நின்றீர்?"

"நாணலுக்குப் பின்னால்."

"கேட்டீர்களா? நாணலுக்குப் பின்னால் நின்றவர் நடுவரைக் குறை சொல்கிறார்!"

"கண் இருப்பவனுக்கு நாணல் ஒரு மறைப்பா? உமக்குக் கண்ணுக்கும் வயதாகிவிட்டது, உடும்பாரே."

"எனக்கா? நீர்நாயின் முன்னங்கால் கட்டையில் படிந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்!"

மரநாய் பெருமூச்சு விட்டது. "நண்பர்களுக்குள் சண்டை எதற்கு? முடிவுக்கட்டையில் ஈரச்சேறு பூசி வைப்பது எதற்காக? தொட்டவர் தடம் அதில் பதியும் என்பதற்காகத்தானே. இந்த வெயிலில் உச்சிப்பொழுதுக்குள் சேறு வெடித்து உதிர்ந்துவிடும். பிறகு உண்மையை எவரும் காண முடியாது. பாவம், உண்மை!"

கீரி துள்ளி எழுந்தது. "வாரும், போய்ப் பார்ப்போம்! நான் தோற்றால், முதல் மழைக்கு ஓர் ஓலைக்குடலை நிறைய ஈசல் தருகிறேன். வரத் துணிவு இல்லையென்றால், தோற்றேன் என்று இங்கேயே சொல்லிவிடும்."

உடும்பு பாறையைப் பார்த்தது. ஏரியின் பக்கம் பார்த்தது. மறுபடியும் பாறையைப் பார்த்தது.

"கௌதாரிகள் பாதி தூரம்கூட ஓடவில்லை, பெரியவரே" என்றது மரநாய். "ஏரி இதோ, அந்த மேட்டுக்கு அப்பால். உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

உடும்பு எழுந்தது, கீரியும் குருவிகளும் உடன் சென்றன. அடுத்த கணமே மரநாய் உடும்பின் இடத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டது. இடத்தைப் பார்த்துக்கொள்வதாகக் கொடுத்த வாக்கை அது எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியது.

ஏரிக்கரையில் முடிவுக்கட்டை அப்படியே கிடந்தது. சேற்றில் ஒரு காலடியும் இருந்தது. ஓர் அலகு குத்திய குழியும் இருந்தது.

"பாரும், அலகின் குழி!" என்றது கீரி.

"பார்த்தேன். அது எங்கே இருக்கிறது? காலடியின் நடுவில் இருக்கிறது. கால் பின்னால் பதிந்திருந்தால் குழி நசுங்கியிருக்கும். குழி நசுங்கவில்லை. ஆகவே கால்தான் முன்னால் பதிந்தது" என்றது உடும்பு.

குழந்தைகளே, உடும்பு சொன்னது முற்றிலும் சரி. கீரிக்கும் அது புரிந்துவிட்டது. புரிந்ததனாலேயே அது குரலை உயர்த்தியது.

"சேறு இளகி நகர்ந்திருக்கலாம்!"

"நகர்ந்த சேற்றில் விரல்கள் இத்தனை தெளிவாக இருக்குமா?"

மேட்டுக்கு அப்பாலிருந்து குக்குறுவானின் குரல் கேட்டது. பாறையில் ஒருவர் ஏறத் தொடங்கினால் அந்தப் பறவை ஒரே சீராகக் கூவும்; உச்சியை அடைந்ததும் நிறுத்திவிடும். எவருக்குக் கூவல் குறைவோ அவரே வென்றவர்.

"ஏறத் தொடங்கிவிட்டார்கள்" என்றது ஒரு குருவி.

"அது மலை அணில். அதன் பிறகுதான் என் மகள்" என்ற உடும்பு, கீரியின் பக்கம் திரும்பியது. "விரல்களுக்கு முதலில் பதில் சொல்லும்."

குக்குறுவான் கூவி நிறுத்தியது. ஆரவாரம் எழுந்தது. உடும்புக்கு அது கேட்கவில்லை. கீரி அப்போது வாலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு வேளை, கால் முன்னதாகவே..." என்று இழுத்துக்கொண்டிருந்தது. பிடி நழுவினால் மீன் போய்விடும் என்பதுபோல உடும்பு நெருங்கி நின்றது.

"ஒரு வேளையாவது? ஒழுங்காகச் சொல்லும்!"

"சரி ஐயா, நீர்நாய்தான் வென்றது! போதுமா?"

"போதும்" என்று உடும்பு தலை நிமிர்ந்தது. அப்போதுதான் அதன் காதில் விழுந்தது: குக், குக், குக். குக்குறுவான் இரண்டாவது முறையாகக் கூவிக்கொண்டிருந்தது.

உடும்பு ஓடியது. மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தது. பாறையின் மூக்குக்கல்லுக்குக் கீழே செவ்வல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்க வெடிப்பில் புதுக்களிமண் பளபளத்தது. வலப்பக்கம் வழி திறந்திருந்தது. செவ்வல்லி கழுத்தைத் திருப்பி மருதடியைப் பார்த்தது.

மருதடி நிழலில் நீளமாக, கருமையாக ஒரு வால் கிடந்தது. அது மெல்ல உயர்ந்து இடப்பக்கமாக அசைந்தது.

உடும்பின் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. கத்தினால் மகள் விலக்கப்படும். பிறந்த நாள் முதல் ஒரு பேச்சையும் விட்டுக்கொடுக்காத அந்த வாய், பேசியே ஆக வேண்டிய அந்த ஒரு கணத்தில் பேச முடியாமல் நின்றது. தன் வாலை வலப்பக்கம் நீட்டிப் பார்த்தது. தந்தை மருதடியில் இருப்பதாக நம்பிய மகள் மேட்டை ஏன் பார்க்கப்போகிறது?

செவ்வல்லி இடப்பக்கம் ஏறியது. களிமண்ணில் மோதியது. தடுமாறி, நகங்களை ஊன்றி, வந்த வழியே இறங்கி, வலப்பக்க வெடிப்பைத் தேடிப் பிடித்து உச்சியை அடைந்தது. மலை அணிலுக்குக் கூவியதைவிடக் குக்குறுவான் மூன்றே கூவல் கூடுதலாகக் கூவியிருந்தது.

உடும்பு மருதடிக்கு வந்து மரநாயைத் தட்டி எழுப்பியது. "ஏன் வாலை அசைத்தாய்?"

மரநாய் கொட்டாவி விட்டது. "எறும்பு கடித்தது, பெரியவரே. உறக்கத்தில் வால் எந்தப் பக்கம் போயிற்றோ, யார் கண்டது? உங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பாறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லையே?"

சொல்லிவிட்டு மரநாய் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

மலை அணிலுக்குக் கொன்றை மாலை போட்டார்கள். செவ்வல்லி வேப்பம்பூ மாலையோடு வந்து தந்தையின் முன் நின்றது. அதன் நகங்களில் களிமண் ஒட்டியிருந்தது. பின்னால் வாலைத் தாழ்த்தி வந்து நின்ற கீரியைப் பார்த்ததும் நடந்தது என்னவென்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"வாதத்தில் யார் வென்றது, அப்பா?"

"நான்தான், மகளே" என்றது உடும்பு, மிகச் சிறிய குரலில். "தடம் தெளிவாக..."

"நல்லது. நம் வீட்டில் ஒருவராவது வென்றோமே" என்று சொல்லி, செவ்வல்லி வேப்பம்பூ மாலையைக் கழற்றித் தந்தையின் கழுத்தில் போட்டது.

கீரி வாக்குத் தவறவில்லை. முதல் மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு குடலை நிறைய ஈசல் கொண்டுவந்து வைத்தது. உடும்பு அதில் ஒன்றையும் தொடாமல் மகளின் பக்கம் நகர்த்தியது. மகள் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தந்தையின் பக்கம் தள்ளியது. மரநாய் எவருக்கும் எதுவும் தரவில்லை. உடும்பு மகளுக்குச் செலுத்த வேண்டியதை நான்கு கோடைகள் கழித்துச் செலுத்தியது. செவ்வல்லி மறுபடியும் பாறை ஏறிய அன்று, உடும்பு விடியும் முன்பே மருதடிக்கு வந்து அமர்ந்தது. முந்தைய நாள் மான் ஓட்டத்தைப் பற்றிக் கீரி எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்து அலுத்துப்போயிற்று. உடும்பு பாறையைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. செவ்வல்லி திரும்பிப் பார்த்த நேரத்தில் தந்தையின் வால் மட்டும் திறந்த வழியின் பக்கம் நீண்டது.

நீதி: நம்மை நம்பியவர் திரும்பிப் பார்க்கும்போது நாம் நம் இடத்தில் இருக்க வேண்டும், வாதத்தில் வெல்வதற்கு வேறு நாள் உண்டு.